ஆயுளுக்கும் தாங்குகிற சாப்பாடு

பாளையங்கோட்டை

அன்புள்ள கார்த்தி,

உன் ஆபீஸில் எடுத்த மெடிக்கல் செக்கப் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். உயரம் 170 சென்டிமீட்டர், எடை 86 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.9. அதோடு நீ எழுதியிருந்ததையும் படித்தேன். இரவில் ஒருவேளை மட்டும் சாப்பாடு, மற்ற வேளைக்கு ஜிம்மில் விற்கிற பவுடர், மூன்று வாரத்தில் ஐந்து கிலோ இறங்கியாயிற்று, இதே வேகத்தில் போனால் பொங்கலுக்குள் எழுபதைத் தொட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தொடலாம் என்று சொல்லி உன்னைச் சந்தோஷப்படுத்த எனக்கும் ஆசைதான். ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் உணவியல் நிபுணராக இத்தனை காலம் உட்கார்ந்துவிட்டு, சொந்த அண்ணன் மகனிடம் இல்லாததைச் சொல்ல முடியாது. தொட்டாலும் அங்கே நிற்காது. போன எடை திரும்பி வரும், பெரும்பாலும் வட்டியோடு.

அந்த ஐந்து கிலோவை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய வேண்டுமென்றால் சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஐந்து கிலோவுக்கு 38,500. இருபத்தொரு நாளுக்கு வகுத்தால் தினமும் 1,800 கலோரிக்கு மேல் துண்டு விழ வேண்டும். ராத்திரி பிரியாணியும் பகலில் பவுடருமாக இருக்கிறவனுக்கு அவ்வளவு பற்றாக்குறை வர வழியே இல்லை. அப்படியானால் குறைந்தது என்ன? பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை ஈரலும் தசையும் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறும் இட்லியும் குறைந்த முதல் வாரத்திலேயே அந்தக் கையிருப்பு பெருமளவு தீர்ந்து, கூட இருந்த தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். அதற்குப் பிறகு கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் தசை. ஊருக்கு வந்து அம்மா கையால் நாலு நாள் சாப்பிட்டால் தண்ணீர் வந்துவிடும். போன தசை அவ்வளவு சுலபமாக வராது.

பட்டினி போட்டால் உடம்பு என்ன செய்யும் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராததால் போருக்குப் போகாமல், இந்தச் சோதனைக்குத் தாங்களாகவே முன்வந்தவர்கள் அவர்கள். நல்ல திடகாத்திரமான பையன்கள், கிட்டத்தட்ட உன் வயது. ஆறு மாதம் அவர்களுக்குக் கிடைத்தது நாளைக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பல டயட் சார்ட்டுகள் அதைவிடக் குறைவாகத்தான் தருகின்றன. உடல் எடையில் கால்வாசி போயிற்று. நாடித்துடிப்பு இறங்கியது, எந்நேரமும் குளிர் எடுத்தது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வந்தது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போய், சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். பிறகு வயிறாரப் போட்டபோது எவ்வளவு தின்றும் பசி அடங்கவில்லை. இழந்த தசை திரும்புவதற்கு முன்பே கொழுப்பு ஏறிக்கொண்டது.

ராத்திரி பதினொரு மணிக்கு உன் கை தானாகப் போனை எடுத்து ஆர்டர் போடுகிறது என்று வெட்கப்பட்டு எழுதியிருந்தாயே, அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பகல் முழுக்கக் காயப்போட்ட உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. மன உறுதி இல்லாதவன் என்று உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் மலைபோல எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு பரிசோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டது. குறைத்ததில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. அதைவிட வருத்தம், சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற கலோரி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்கு 500 அளவுக்குக் குறைந்தே இருந்தது. அவர்களைவிட மன உறுதியோடு யாரும் உழைத்திருக்க முடியாது.

அதனால் வேகத்தை விட்டுவிடு. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வாரத்துக்கு அரை கிலோ குறைவதுதான் பாதுகாப்பு என்கிறது. என் அனுபவமும் அதுதான். உனக்கு முதல் இலக்கு நாலு கிலோ, அதுவும் உண்மையான நாலு கிலோ. அது நின்றபிறகு அடுத்ததைப் பேசலாம். ஒரு சாப்பாட்டு முறையைத் தொடங்குவதற்கு முன் உன்னிடம் நீ கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு கேள்வி: கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, வேலை மாறி, ஐந்து வருடம் கழித்தும் இதையே என்னால் சாப்பிட முடியுமா? முடியாது என்றால் இன்றைக்கும் வேண்டாம்.

எடை மெதுவாகக் குறையட்டும் என்கிறேனே தவிர, கவலைப்பட எதுவும் இல்லை என்று சொல்லவில்லை. உன் அப்பாவுக்கு 42 வயதில் சர்க்கரை வந்தது. உனக்கு இப்போது 26, அதற்குள் எச்பிஏ1சி 5.9. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று கணக்கு. நம் ஊர் உடம்புக்கு ஒரு குணம் உண்டு, பார்க்க ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும். புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் ‘லான்செட்’ இதழில் தன் படத்தையும் இங்கிலாந்து மருத்துவ நண்பர் ஜான் யுட்கின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதனால்தான் இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். எடை மிஷினைவிட தையல்காரர் டேப்தான் உனக்கு உண்மையைச் சொல்லும். மாதம் ஒருமுறை, காலையில், தொப்புள் மட்டத்தில் அளந்து எழுதி வை.

உனக்குத் தைரியம் தர ஒரு ஆய்வையும் சொல்கிறேன், சென்னையிலிருந்து செய்ததுதான். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், உன்னைப்போல விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று வருடம் கவனித்து, 2006இல் வெளியிட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டைத் திருத்தி, நடக்கச் சொன்னவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இதில் நான் ஓ.பி.யில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பலன் கிடைத்தவர்களுக்கு எடை பெரிதாக ஒன்றும் குறையவில்லை. மிஷினில் முள் அசையாத மாதங்களிலும் உள்ளே நல்லது நடக்கிறது. எண் குறையவில்லை என்று எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நீ அப்படிச் செய்துவிடாதே.

சரி, எதைச் சாப்பிடுவது? நம் சாப்பாட்டையே சாப்பிடு. அதன் அளவுகளை மட்டும் மாற்று. மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் தொடங்கியது நம் குன்னூரில். அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார். பிறகு 1920களில் இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய் என்று சாப்பிடும் சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் நன்றாகத் தேறின. கடைசியில் வந்தது மதராஸ் சாப்பாடு. தீட்டிய அரிசிச் சோறு தட்டை நிறைக்க, பாலும் பருப்பும் காயும் பேருக்கு இருந்த சாப்பாடு. நூறு வருடம் ஆகப் போகிறது. நம் தட்டில் இன்னமும் சோறுதான் மலையாகக் கிடக்கிறது, பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி.

சோற்றை எதிரியாக்கச் சொல்லவில்லை. மலையும் ஓரமும் இடம் மாற வேண்டும், அவ்வளவுதான். 2024இல் அந்த நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரி தட்டு ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்குச் சமைக்காத எடையில் தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், கறி 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி. கவனித்தாயா, தானியத்தைவிடக் காய் அதிகம். மெஸ்ஸில் இதை எப்படிச் செய்வது என்று கேட்பாய். உட்கார்ந்ததும் பொரியலும் கூட்டும் வாங்கி முதலில் சாப்பிடு. கூடக் காசு கேட்டால் கொடு. அதன்பிறகு சோறு ஒரு முறை மட்டும், சாம்பார் தாராளமாக. காயும் பருப்பும் முன்னால் போனால் சாப்பிட்டபின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும், இரண்டாம் முறை சோறு கேட்கத் தோன்றாது. முட்டை கிடைத்தால் இரண்டு வாங்கிக்கொள்.

பவுடர் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். வளர்ந்த ஆளுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். உன் உயரத்துக்கு உரிய எடையை வைத்துப் பார்த்தால் நாளைக்கு அறுபது கிராம் போதும். இரண்டு முட்டையில் 12 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் இன்னொரு 12. நூறு கிராம் சமைத்த மீனிலோ கோழியிலோ இருபதுக்கு மேல். பாலும் தயிருமாக 300 மில்லியில் பத்து. மிச்சம் சாம்பாரிலும் சோற்றிலும் தானாக வந்துவிடும். டப்பாவில் அடைத்து விற்பதில் இதற்கு மேல் உனக்குத் தேவையானது எதுவும் இல்லை.

அடுத்தது நீ கணக்கில் சேர்க்காத சாப்பாடு. ஓ.பி.யில் எங்கள் வழக்கம், முந்தின நாள் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வாயில் போட்டதெல்லாம் என்ன என்று கேட்பது. மார்க்கெட்டில் பூ கட்டுகிற அம்மா ஒருவர் வந்திருந்தார். காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் சோறு, ராத்திரி ஒரு தோசை, இதற்குப் போய் இப்படி ஊதுகிறதே என்று கண் கலங்கினார். வேறென்ன சாப்பிட்டீர்கள் என்றால், அவ்வளவுதாம்மா என்றார். டீ? டீ குடிப்பேன். எத்தனை? கடைப் பையன் கொண்டுவந்து வைப்பான், ஆறு இருக்கும். சர்க்கரை? கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன். ஆறு கிளாஸில் பன்னிரண்டு ஸ்பூன், அறுபது கிராம், சர்க்கரையில் மட்டும் 240 கலோரி. நாலு மணி டீயோடு ஒரு வடை. பூ கட்டும்போது மடியில் ஒரு மிக்சர் பொட்டலம். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அதெல்லாம் சாப்பாடு என்று அவர் மனசில் பதியவே இல்லை. டீயை மூன்றாக்கி, சர்க்கரையை ஒரு ஸ்பூனாக்கி, வடைக்குப் பதில் அதே தெருவில் விற்கிற சுண்டலுக்கு மாறினார். இட்லி, சோறு, தோசை எதையும் தொடவில்லை. உடம்பு மெல்ல இறங்க ஆரம்பித்தது. நீயும் ஒரு வாரம், வாயில் போடுவதையெல்லாம் போனில் குறித்து வை. ஆபீஸ் மிஷின் காபி, நண்பன் நீட்டுகிற சிப்ஸ், கூல்டிரிங்க்ஸ் எல்லாம் அதில் வரட்டும். கூல்டிரிங்க்ஸில் நூறு மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது.

பாக்கெட்டில் வருகிற தீனியைக் குறைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மேலே சொன்ன கெவின் ஹால் 2019இல் இருபது பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல் கொடுத்தார். இரண்டிலும் கொழுப்பும் சர்க்கரையும் நாரும் ஒரே அளவாக வைத்திருந்தார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்தபோது அவர்கள் தாங்களே அறியாமல் நாளைக்கு 500 கலோரி கூடச் சாப்பிட்டார்கள். கடையில் சுட்ட தோசைக்கும் பிஸ்கட் பாக்கெட்டுக்கும் இடையில் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் தோசையை எடு.

உன் ஷிஃப்ட் நாலு மணியிலிருந்து ராத்திரி ஒரு மணி வரை என்பது எனக்குத் தெரியும். பதினொரு மணிக்கு பரோட்டா சால்னாவும் ப்ரைட் ரைஸும் வருவது அதனால்தான். அந்த நேரத்தில் உன்னோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, முன்னாலேயே ஏற்பாடு செய்துகொள். ஏழரைக்குக் கீழே இறங்கி மெஸ்ஸில் முழுச் சாப்பாடு சாப்பிடு. பையில் வேகவைத்த முட்டையோ, வேர்க்கடலையோ, கொய்யாவோ இருக்கட்டும். பதினொரு மணிக்கு அதையும் மோரையும் எடுத்துக்கொள். பரோட்டாவை நடந்து கரைக்கலாம் என்று நினைக்காதே. உன் எடைக்கு ஒரு மணி நேரம் நடந்தால் கரைவது முந்நூறு கலோரி, அது ஒரு பரோட்டாவுக்கே சரியாகிவிடும். நடையின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. சாப்பிட்டபின் கால் மணி நேர நடை ரத்தச் சர்க்கரையை இறக்கும், குறைத்த எடை திரும்பாமல் பிடித்து வைக்கும். ஜிம்மை விடாதே, பவுடரை மட்டும் விடு. எடை தூக்குவதுதான் தசையைக் காப்பாற்றும்.

ஷிஃப்ட் முடிந்து நாலு மணி வரை போன் பார்க்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு எடை குறைக்கப் பார்க்காதே. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறி, போதும் என்று சொல்லும் ஹார்மோன் இறங்கியது. இனிப்பும் உப்புத் தீனியும்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டன.

சிறுதானியம், நாட்டுச் சர்க்கரை, தேன் பற்றிக் கேட்டிருந்தாய். தினையிலும் சாமையிலும் நார் அதிகம், சாப்பிடு. ஆனால் நூறு கிராமில் உள்ள கலோரி அரிசிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, சாமை என்பதற்காக இரண்டு தட்டு சாப்பிட்டால் கணக்கு அதேதான். நாட்டுச் சர்க்கரையும் தேனும் உடம்புக்குச் சர்க்கரையே.

உன் டீமில் ஒருவர் ஊசி போட்டுக்கொள்கிறார் என்றும் எழுதியிருந்தாய். மவுன்ஜாரோ, வெகோவி இரண்டும் 2025இல் இந்தியாவுக்கு வந்தன. நல்ல மருந்துகள், தேவைப்பட்டவர்களுக்கு உயிர் காப்பவை. ஆனால் அவை டாக்டர் பார்த்து எழுத வேண்டியவை. வெகோவியில் உள்ள செமாக்ளூடைடை நிறுத்தியவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு எடை திரும்பியிருந்தது. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் தட்டைத் திருத்தாமல் வழி இல்லை.

தீபாவளிக்கு வரும்போது அதிரசம் சாப்பிடு, உன் அம்மா மனசை நோகடிக்காதே. ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று அடுத்த பத்து நாளையும் விடுவதுதான் ஆபத்து. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரைக் கவனித்ததில், ஒரு புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், கணக்குப்படி சிலருக்கு 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைக் கெடுக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்காதே. இந்த மாதம் ஏழரை மணிச் சாப்பாடும் டீச் சர்க்கரையும் மட்டும் போதும். அது படிந்தபிறகு அடுத்தது.

அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, குற்ற உணர்ச்சியில் வாந்தி எடுப்பதோ மறுநாள் முழுக்கப் பட்டினி கிடப்பதோ எப்போதாவது நடந்தால், யாரிடமும் மறைக்காமல் எனக்குப் போன் செய். அது வைத்தியம் உள்ள நோய், அவமானப்பட வேண்டியது அல்ல.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு டாக்டரைப் பார். கொலஸ்டிராலும் ஈரல் கொழுப்பும் பார்க்கச் சொல். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி எடுத்து, அதையும் இடுப்பு அளவையும் எனக்கு அனுப்பு. எடையை நான் கேட்கப் போவதில்லை. இன்று ராத்திரி ஏழரைக்கு இறங்கிப் போய்ச் சாப்பிடு.

அன்புடன்,
அத்தை